டப்ளின் கோட்டைக்குச் சென்ற மனுக்கள்

ஒன்றியத்துக்குப் பின் அயர்லாந்து – 6

1801 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றியச் சட்டம் அயர்லாந்தின் நாடாளுமன்றத்தைக் கலைத்து, அந்நாட்டுக்கு லண்டன் பொதுமன்றத்தில் 100 இடங்களை ஒதுக்கியது. ஆனால் டப்ளின் கோட்டையில் இயங்கிவந்த நிர்வாகத்தை அது தொடவில்லை. சட்டம் இயற்றும் மன்றம் கடலுக்கு அப்பால் போய்விட, சட்டத்தைச் செயற்படுத்தும் அலுவலகம் மட்டும் தலைநகரில் எஞ்சியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினரான கத்தோலிக்கர் 1829 வரை லண்டன் மன்றத்தில் உறுப்பினராக அமரவே முடியாது என்றிருந்த நிலையில், குறை சொல்லவும் உதவி கேட்கவும் தண்டனையைக் குறைக்கும்படி இரக்கவும் சாதாரண அயர்லாந்துக்காரர் நாடிய இடம் கோட்டையே ஆயிற்று. நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அங்கே வந்து சேர்ந்த மனுக்களின் மொழி மிகப் பணிவானது. அந்தப் பணிவை மட்டும் பார்த்து அவற்றை அடங்கிப்போன ஒரு மக்களின் புலம்பலாகக் கொண்டவர்கள் உண்டு. நிதானமாகப் படிப்பவருக்கு அவற்றில் தெரிவது வேறு: அரசு தன் கடமையை அறிந்திருக்கிறது என்பதை அரசுக்கே நினைவூட்டி, அதன் சொற்களைக் கொண்டே அதைக் கட்டுப்படுத்த முயன்ற மக்களின் வழக்காடல் அது.

கோட்டையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மனுவின் பயணம் விளங்கும். அரசரின் பெயரால் ஆண்டவர் லார்ட் லெப்டினன்ட் எனப்பட்ட அரசப் பிரதிநிதி. அவருக்கு அடுத்து, ஆட்சியின் உண்மையான சுமையைத் தாங்கியவர் தலைமைச் செயலர். தலைமைச் செயலர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்ததால் ஆண்டில் பல மாதங்களை லண்டனில் கழிக்க வேண்டியிருந்தது. அவர் இல்லாத காலத்தில் அன்றாட அலுவலை நடத்தியவர் துணைச் செயலர். ராபர்ட் பீல் (1812–1818), சார்லஸ் கிரான்ட் (1818–1821), ஹென்றி கோல்பர்ன் (1821–1827) என்று தலைமைச் செயலர்கள் மாறிக்கொண்டே இருக்க, துணைச் செயலர் வில்லியம் கிரெகரி 1812 முதல் 1830 வரை அசையாமல் அதே இருக்கையில் இருந்தார். கத்தோலிக்கருக்குச் சம உரிமை தருவதைக் கடுமையாக எதிர்த்த ஒருவரின் மேசையைக் கடந்தே கத்தோலிக்கக் குடியானவரின் மனு மேலே போக வேண்டியிருந்தது என்பதை இந்தப் பதினெட்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாது. 1821 இறுதியில் அரசப் பிரதிநிதியாக வந்த வெல்லஸ்லி பிரபு, தமிழ் வாசகருக்கு அறிமுகமானவர்தான். 1799இல் தஞ்சாவூரின் நிர்வாகத்தையும் 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சியையும் கும்பினியின் கைக்குக் கொண்டுவந்த அதே கவர்னர் ஜெனரல். டப்ளினில் அவர் கத்தோலிக்கர் பக்கம் சாய்ந்தவராக அறியப்பட்டார். அதற்காக 1822 டிசம்பரில் நாடகக் கொட்டகையில் புராட்டஸ்டன்ட் தீவிரப் பிரிவினரான ஆரஞ்சுக் கட்சியினர் அவர் அமர்ந்திருந்த பக்கமாகப் புட்டியை வீசி எறிந்தார்கள்.

1818இலிருந்து தலைமைச் செயலரின் அலுவலகம், வந்துசேரும் தாள்களுக்கு எண் இட்டு, பதிவேட்டில் ஏற்றி, அகராதி வரிசையில் குறிப்பு எழுதும் முறையைக் கைக்கொண்டது. பதிவு செய்யப்பட்ட இத்தாள்கள் வரலாற்றாசிரியருக்குப் பெரும் புதையல். மாஜிஸ்திரேட்டுகளின் அறிக்கைகள், காவலரின் செலவுக் கணக்குகள், பாலம் கட்டும் பொறியாளரின் மதிப்பீடுகள் ஆகியவற்றுக்கிடையே, விதவைகளும் நெசவாளரும் வேலையிழந்த சிப்பாய்களும் எழுதிய அல்லது எழுதுவித்த மனுக்கள் அவற்றில் கிடக்கின்றன.

இத்தனை பேர் ஏன் கோட்டைக்கு எழுதினார்கள் என்பதற்கு முதற் காரணம், எழுதுவதற்கு வேறு இடம் இல்லாமைதான். இங்கிலாந்தில் வறியவர் தம் பேரூரின் (பாரிஷ் எனப்படும் திருச்சபை வட்டத்தின்) ஏழை நிதியிலிருந்து உதவி கோரச் சட்டம் இடம் தந்தது. அயர்லாந்தில் 1838 வரை அத்தகைய ஏழைச் சட்டமே கிடையாது. 1821 கணக்கெடுப்பின்படி 68 லட்சமாக இருந்த மக்கள், இருபது ஆண்டுகளில் 81 லட்சத்தைத் தாண்டினர். 1815இல் நெப்போலியப் போர் முடிந்ததும் தானிய விலை சரிந்தது, குத்தகை மட்டும் சரியவில்லை, படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் ஊர் திரும்பினர். பல இடங்களில் நிலவுடைமையாளர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவருடைய முகவரோ, நிலத்தை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விடும் இடைக்குத்தகைதாரரோதான் குடியானவரின் கண்ணில் பட்டவர். மாவட்ட நீதி நிர்வாகத்தைப் பார்த்த மாஜிஸ்திரேட் ஊதியம் பெறும் அதிகாரி அல்லர். உள்ளூர் நிலவுடைமையாளரோ, அரசின் புராட்டஸ்டன்ட் சபையான அரசத் திருச்சபையின் குருவோ அந்தப் பதவியையும் வகித்தார். குத்தகை வாங்குபவரே நீதியும் வழங்குபவராக இருந்த இடத்தில், அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே மனு எழுதத் தூண்டியது.

மனுவை எழுதியது பெரும்பாலும் மனுதாரரின் கை அன்று. 1841 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 விழுக்காட்டினர் எழுதவும் படிக்கவும் அறியாதவர் என்று தெரியவந்தது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலை அதைவிட மோசமாகவே இருந்திருக்கும். மேற்கிலும் தெற்கிலும் ஏழைகளின் பேச்சுமொழி ஐரிஷ். அலுவலகத்தின் மொழி ஆங்கிலம். இவ்விரண்டுக்கும் இடையே நின்றவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர். அரசின் உதவியின்றி, மாணவர் தரும் சிறு கட்டணத்தில் குடிசையிலோ கொட்டகையிலோ நடந்த இப்பள்ளிகளுக்கு வேலிப் பள்ளிகள் என்று பெயர். கத்தோலிக்கர் பள்ளி நடத்தச் சட்டம் தடை செய்திருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் வேலியோரங்களில் மறைவாக நடந்ததால் வந்த பெயர் அது. 1824இல் அமைக்கப்பட்ட கல்வி விசாரணைக் குழு கண்ட 11,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 9,000க்கும் அதிகமானவை இவ்வகைக் கட்டணப் பள்ளிகளே. இலத்தீனும் நில அளவையும் கற்றிருந்த இந்த ஆசிரியர்கள் குத்தகைச் சீட்டு, உயில், கடிதம், மனு ஆகிய அனைத்தையும் எழுதித் தந்தனர். மனுக்களில் காணப்படும் நீண்ட அடுக்குச் சொற்களும் இடம் பொருந்தாத சட்டச் சொற்களும் அவர்களின் கைவண்ணம்.

வடிவம் ஏறக்குறைய மாறாதது. பெரிய தாள் ஒன்றின் தலைப்பில் மேதகு அரசப் பிரதிநிதியின் பட்டங்கள் முழுமையாக எழுதப்படும். அதன் கீழே இன்ன பேரூரில் வாழும் இன்னாரின் தாழ்மையான மனு என்ற வரி. பின்னர் மனுதாரரைப் படர்க்கையில் வைத்துக் குடும்பத்தின் அளவு, கணவன் அல்லது மகனின் நிலை, 1798 கலகத்தில் அரசின் பக்கம் நின்றது, ஸ்பெயினிலோ வாட்டர்லூவிலோ போரிட்டது ஆகியவை வரிசையாக வரும். அதன் பின்னரே கோரிக்கை. முடிவில், அருள்கூர்ந்தால் என்றென்றும் உமக்காகப் பிரார்த்திப்பேன் என்ற வாக்கு. அதற்கும் கீழே, சிறிய எழுத்துகளில், பேரூர்ப் பாதிரியார், அரசத் திருச்சபைக் குரு, ஒருவேளை நிலவுடைமையாளர் ஆகியோர், மேற்சொன்னது உண்மையென்றும் மனுதாரர் நேர்மையானவர் என்றும் கையொப்பமிட்டிருப்பர். இந்த ஒப்பங்களைத் திரட்டுவதே மனுவின் கடினமான பகுதி. வழக்குத் தொடுத்தவரே மன்னிப்புக்குப் பரிந்து ஒப்பமிட்டிருந்தால் அந்த மனுவின் பலமே வேறு. கோட்டையில் தாள் மடிக்கப்பட்டு, அதன் முதுகில் எழுத்தர் பெயரையும் நாளையும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் குறிப்பார். முடிவும் அதே முதுகில் ஒற்றை வரியாக ஏறும். கைதிகளின் மனுக்களில் அடிக்கடி காணப்படும் முடிவு, சட்டம் தன் போக்கில் செல்லட்டும் என்பதாகும்.

கைதிகளின் மனுக்கள்தாம் இத்தொகுப்பில் நெஞ்சை மிகவும் உலுக்குபவை. தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் அரசருக்குள்ள அதிகாரம் அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியிடம் இருந்தது. ஆடு திருடினாலும் தூக்கு என்று சட்டம் 1832 வரை சொல்லிக்கொண்டிருந்ததால், தண்டனைக்கும் அதன் நிறைவேற்றத்துக்கும் நடுவே இந்த அதிகாரம் நுழைய ஏராளமான இடம் இருந்தது. மனு வந்ததும் கோட்டை அதை வழக்கை விசாரித்த நீதிபதிக்கு அனுப்பி அறிக்கை கேட்கும். அவர் தம் குறிப்பேட்டைப் புரட்டி, சாட்சியம் வலுவானதா, ஊரில் அவ்வகைக் குற்றம் பெருகியிருக்கிறதா என்று எழுதுவார். தனி மனிதரின் வாழ்வு ஊரின் அமைதி பற்றிய கணக்கோடு இவ்வாறு பிணைக்கப்பட்டது. 1822இல் மீண்டும் உயிர்பெற்ற கலக அடக்குமுறைச் சட்டம் இதனை இன்னும் கூர்மையாக்கியது. அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியில் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை தக்க காரணமின்றி வீட்டுக்கு வெளியே காணப்பட்டவரை, ஜூரி இல்லாமலேயே மாஜிஸ்திரேட்டுகள் கூடி விசாரித்து, ஏழு ஆண்டு நாடு கடத்தலாம். கார்க் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்படும் முன் மனு கோட்டையை அடைய வேண்டும் என்ற அவசரம் இக்காலத் தாள்களின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

மன்னிப்பு கிட்டாதவரின் மனைவியர் அடுத்த மனுவை எழுதினர்: தம்மையும் பிள்ளைகளையும் கணவர் இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு அரசுச் செலவில் அனுப்ப வேண்டும் என்று. 1791 முதல் 1853 வரை அயர்லாந்திலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஊரில் எஞ்சிய குடும்பத்துக்குச் சோறு போடச் சட்டம் எதுவும் இல்லை என்பதை நினைத்தால், முன்பின் அறியாத கண்டத்துக்குப் போக அப்பெண்கள் கெஞ்சியது வியப்பன்று.

பஞ்ச காலத்தில் மனுவின் குரல் தனியாளிடமிருந்து ஊருக்கு மாறியது. 1821 இலையுதிர்காலத்தில் பெய்த ஓயாத மழையில் உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகிற்று. 1822 வசந்தத்தில் கிளேர், கால்வே, மேயோ, கெரி, கார்க் பகுதிகளில் பசியும் அதைத் தொடர்ந்து காய்ச்சலும் பரவின. சந்தையில் தானியம் இருந்தது. வாங்கக் காசு இல்லை. மறு ஆண்டு நாடாளுமன்றக் குழுவே ஒப்புக்கொண்ட இவ்வுண்மையை ஊர்மக்களின் மகஜர்கள் முன்னரே சொல்லியிருந்தன: அவை தானம் கேட்டதைவிட வேலை கேட்டதே அதிகம். சாலை போடுங்கள், படகுத்துறை கட்டுங்கள், கூலியாக மாவு தாருங்கள் என்பதே வேண்டுகோள். அரசு பொறியாளர்களை அனுப்பியது. மேற்கே அலெக்சாண்டர் நிம்மோவும் தெற்கே ரிச்சர்டு கிரிஃபித்தும் சாலைகளைத் திறந்தனர். கன்னமாராவின் கடலோரத்தில் கிளிஃப்டன் என்ற சிற்றூரை உருவாக்கிய ஜான் டார்சி சாலைக்காகவும் துறைக்காகவும் அரசிடம் விடாது வேண்டிக்கொண்டிருந்தார். பஞ்சம் வந்த பிறகே அந்தச் சாலை தொடங்கிற்று. லண்டனில் திரட்டப்பட்ட தர்ம நிதி மட்டும் சுமார் 3 லட்சம் பவுண்டு. உயிர்களைக் காத்த முயற்சி இது, ஐயமில்லை. ஆனாலும் மறு அறுவடை வந்ததும் பணி சுருங்கிற்று. வேலையின்மை தற்காலிகப் பஞ்சத்தின் விளைவன்று என்று மகஜர்கள் எழுதியதை எவரும் செவிகொள்ளவில்லை.

வடக்கே டொனகல் மாவட்டத்தின் இனிஷோவன் தீபகற்பத்தில் குறை வேறு. வாற்கோதுமையைக் கொண்டு உரிமமின்றிக் காய்ச்சப்படும் போட்டீன் சாராயமே அங்கு குத்தகைப் பணத்தின் ஊற்று. அதனால் கலால் அதிகாரிகளின் கண்ணும் அங்கேயே இருந்தது. காய்ச்சுபவரைப் பிடிக்க முடியாத அரசு, 1783 முதல் ஒரு கொடிய வழியைக் கண்டது: உரிமமில்லா வடிகலம் எந்த டவுன்லேண்டில் — அதாவது பேரூரின் மிகச் சிறிய நிலப்பிரிவில் — அகப்பட்டதோ அங்குள்ள அனைவரும் சேர்ந்து அபராதம் கட்ட வேண்டும். 50 பவுண்டு அளவிலான அந்த அபராதத்தைச் செலுத்த வழியில்லாத ஊரில் ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கலத்தின் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும் என்பதால், தேய்ந்துபோன பழைய பகுதியைப் பகைவரின் ஊர் எல்லையில் போட்டுவிட்டு அதிகாரிக்குத் தகவல் சொல்லி வெகுமதி பெறுவதும் நடந்தது. குற்றமற்றவர் தண்டிக்கப்படுகிறார் என்ற மனுக்கள் குவிந்தன. 1810இல் நிறுத்தப்பட்ட அபராதம் சில ஆண்டுகளிலேயே திரும்பி வந்தது.

இம்மக்களுக்காகக் குரல் கொடுத்தவர் அவர்களின் சமயத்தவர் அல்லர். அரசத் திருச்சபைக் குருவான எட்வர்டு சிச்செஸ்டர், கலால் அதிகாரிகளின் கொடுமைகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடித வடிவில் 1818இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்கு மறுப்பு எழுதியவர் கலால் துறையின் உயர் அதிகாரி ஏனியஸ் காஃபி. 1810இல் அதே இனிஷோவனில் கூட்டத்தால் தாக்கப்பட்டுக் கடுங்காயம் பட்டவர், பின்னாளில் தொடர் வடிகலத்தைக் கண்டுபிடித்து உலகெங்கும் சாராயத் தொழிலையே மாற்றியவர். அதிகாரிகளும் அச்சத்தில் வாழ்ந்தனர் என்ற அவருடைய வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஒருவரின் குற்றத்துக்கு ஊரையே தண்டிக்கும் சட்டத்தை அந்த அச்சம் நியாயமாக்கிவிடாது. 1823இல் வரியைக் குறைத்துச் சிறு வடிசாலைகளுக்கும் உரிமம் பெற வழிசெய்த பிறகுதான் கொந்தளிப்பு தணியத் தொடங்கியது.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்காக அரசத் திருச்சபை பெற்ற தசமபாகம், கத்தோலிக்க உழவர் தம் சமயமல்லாத ஒரு சமயத்தின் குருவுக்குச் செலுத்த வேண்டியிருந்த கடன். மன்ஸ்டர் மாகாணத்தில் ஏழையின் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் அது உண்டு. செல்வரின் மேய்ச்சல் நிலமோ 1823 வரை தப்பித்திருந்தது. பயிரை மதிப்பிடும் வசூல் முகவர் மிகையாக மதிப்பிட்டார் என்ற புகார் கோட்டைக்கு வந்தால், அது நீதிமன்றத்துக்குரிய விஷயம் என்ற பதிலே கிடைத்தது. அந்த நீதிமன்றமோ திருச்சபையினுடையது அல்லது திருச்சபைக் குருவும் அமர்ந்திருக்கும் மாஜிஸ்திரேட்டுகளுடையது.

கோட்டை நிர்வாகத்தின் அடிப்படைக் கோளாறே இங்குதான் இருந்தது. மனுவைப் படிக்கவில்லை என்று அதனைக் குறைகூற முடியாது. படித்தார்கள், எண்ணிட்டார்கள், பதிலும் எழுதினார்கள். ஆனால் உண்மையைக் கண்டறியத் தனக்கென ஊரில் ஆள் இல்லாத அரசு, புகாரை விசாரித்து எழுதும்படி உள்ளூர் மாஜிஸ்திரேட்டுக்கே அனுப்பிற்று. மாஜிஸ்திரேட்டின் மேலேயே புகார் என்றால் அவரிடமே விளக்கம் கேட்டது. அவர் புகார்தாரரைக் கெட்ட நடத்தையுள்ளவர் என்று எழுதினால் தாள் அத்துடன் கட்டி வைக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஊரில் அதன் பின் நடப்பது பதிவேட்டில் ஏறாது. வெல்லஸ்லியின் காலத்தில் மாஜிஸ்திரேட்டுகளின் பட்டியல் திருத்தப்பட்டுத் தகுதியற்ற பலர் நீக்கப்பட்டதும், 1814இல் பீல் தொடங்கிய அமைதிக் காப்புப் படையும் 1822இன் மாவட்டக் காவல் சட்டமும் ஊதியம் பெறும் மாஜிஸ்திரேட்டுகளைக் கொண்டுவந்ததும் இக்கோளாறை உணர்ந்ததன் விளைவே. மனுக்கள் அந்த உணர்வுக்குத் தீனி போட்டன என்று துணிந்து சொல்லலாம்.

மனு பலிக்காத இடத்தில் வேறொரு வகை எழுத்து தோன்றியது. 1821 முதல் 1824 வரை தெற்கு மாவட்டங்களை உலுக்கிய இரகசியக் குழுக்கள், கேப்டன் ராக் என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் அச்சுறுத்தல் கடிதங்களை இரவில் கதவுகளில் ஒட்டின. இன்னின்ன குத்தகையைக் குறைக்க வேண்டும், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எவரும் எடுக்கலாகாது, மீறினால் இன்ன தண்டனை என்று ஆணையிட்ட அக்கடிதங்கள் அரசு அறிவிப்பின் நடையையே கைக்கொண்டன. அவற்றை எழுதியவர் என்று அதிகாரிகள் முதலில் சந்தேகித்தது மனு எழுதித் தந்த அதே பள்ளி ஆசிரியரைத்தான். கடிதத்தைக் கிழித்தெடுத்து மாஜிஸ்திரேட் கோட்டைக்கு அனுப்பினார். இதனால், மன்றாடும் தாளும் மிரட்டும் தாளும் ஒரே அலுவலகத்தில், சில வேளை ஒரே ஊரைப் பற்றி, அடுத்தடுத்துச் சேர்ந்தன. இரண்டும் கேட்டவை பெரும்பாலும் ஒன்றே என்பதைக் கோட்டையின் அதிகாரிகள் காண மறுத்தது அவர்களின் பெரும் பிழை.

மூன்றாவது வழி திறந்த வெளியில் இருந்தது. மக்களின் பிரதிநிதிகள் எனச் சொல்லிக்கொண்டு கூடும் அவைகளை 1793இன் கூட்டத் தடைச் சட்டம் தடுத்திருந்தது. மனு கொடுக்கும் உரிமையை மட்டும் அதுவும் பறிக்கவில்லை. ஆகவே கத்தோலிக்கரின் அரசியல் முழுவதும் மனு என்ற குடையின் கீழ் வளர்ந்தது. 1805இல் எதிர்க்கட்சித் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பொதுமன்றத்தில் முன்வைத்த கத்தோலிக்கர் மனு 336க்கு 124 என்ற வாக்கில் தோற்றது. 1823இல் கத்தோலிக்க வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கம், மறு ஆண்டு மாதம் ஒரு பென்னி சந்தா வாங்கித் திரண்ட பணத்தில், அநீதிக்கு ஆளானவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தந்தது. தனிமனிதரின் புகாருக்குப் பின்னால் அமைப்பு ஒன்று நிற்கத் தொடங்கியதும் மாஜிஸ்திரேட்டுகள் அதனை உடனே உணர்ந்தார்கள். 1828 ஜனவரியில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரூர்களில் கூட்டம் கூடி மனுவில் ஒப்பமிட்டனர். மறு ஆண்டு ஏப்ரலில் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது.

அதன் பின் கோட்டையின் செவியும் ஓரளவு மாறியது. 1835இல் துணைச் செயலரான தாமஸ் டிரம்மண்ட், தசமபாக வசூலுக்குக் காவலரையும் படையையும் எளிதில் அனுப்ப மறுத்தவர். 1838இல் டிப்பரேரி மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டுகள், நிலவுடைமையாளர் ஒருவர் கொலையுண்டதை முன்னிட்டுக் கடும் அடக்குமுறை வேண்டுமென்று கூட்டாக எழுதினர். டிரம்மண்ட் அளித்த பதில், சொத்துக்கு உரிமை மட்டுமின்றிக் கடமையும் உண்டென்றும், அக்கடமையைப் புறக்கணித்ததே இக்குற்றங்கள் விளைந்த நிலைக்கு வழிவகுத்தது என்றும் அவர்களுக்கே உணர்த்திற்று. கடிதத்தைப் பெற்றவர்கள் அதை உடனே வெளியிடவில்லை. ஏழைகள் இருபது ஆண்டுகளாக மனுக்களில் எழுதிவந்ததை, முதன்முறையாகக் கோட்டையின் முத்திரையோடு வந்த தாள் சொன்னது.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் நான்கு நீதிமன்றங்கள் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து, பல நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின. தலைமைச் செயலர் அலுவலகத்தின் தாள்கள் அங்கே இல்லாமல் கோட்டையின் ஆவணக் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்ததால் மனுக்கள் தப்பின. நாடு கடத்தப்பட்டோர் தொடர்பான ஆவணங்களை, அவர்கள் கொடுத்த மனுக்களையும் சேர்த்து, நுண்படமாக்கி 1988இல் அயர்லாந்து அரசு ஆஸ்திரேலிய மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கியது. 1818 முதல் உள்ள பதிவுத் தாள்களின் விளக்க அட்டவணை இன்று டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளது.

(தொடரும்)